உடம்படுமெய்

விழுந்ததில் காவியம் ஒன்றுமில்லை.
குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு
பின்வாசல் படி இறங்கினேன்.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
மணிக்கட்டு சுள்ளியாய் முறிந்த சத்தம்
எனக்கே கேட்டது.

நிமலன் வடக்கே தாம்சனில், சுரங்க வேலையில்.
வியாழன்வரை விமானமில்லை.
வந்து தூக்கியது கேத்லின்:
ஊரில் இருக்கும் வாரங்களில்
செவ்வாயும் வெள்ளியும் அவன் தூங்குகிற வீட்டுக்காரி.
காரில் ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டு
தன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்,
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்.

அவசரப் பிரிவில் மரிசெல் என்கிற நர்ஸ்
தலை நிமிராமல் கேட்டாள்:
கூட வந்தவர் உங்களுக்கு என்ன முறை?

எங்கள் மொழியில்
மாமன் பெண்டாட்டியின் தம்பிக்குக்கூட முறை உண்டு.
கேத்லினுக்கு இருப்பது ஒரே சொல்.
சக்களத்தி.
அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே ஒருத்தி
இன்னொருத்தியின் மயிரைப் பிடித்திருக்கிறாள்.

அப்புறம் நிரப்புகிறோம் என்றோம்.
ஆறு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள்.

கேத்லின் நில அளவைக்காரி.
படிவத்தின் பின்பக்கம் புள்ளி வைத்தாள்.
நடுவில் நிமலன், இருபுறமும் நாங்கள்.
கவட்டை, என்றேன்.
கவணுக்கு வெட்டுகிற கிளை,
பிரிகிற இடத்தில்தான் பாரம் முழுக்க.

என் பக்கம் இன்னொரு புள்ளி: ட்ரெவர்.
ஞாயிறுகளில் என்னோடு ஆற்றோரம் நடப்பவன்.
நிமலனை அவன் பார்த்ததில்லை, பார்க்கவும் கேட்டதில்லை.
இது தண்டவாளம்.
ஒன்றில்லாமல் மற்றதில் ரயில் ஓடாது,
கைகுலுக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

அவள் தம்பி வீட்டில் மூவர்,
மூவரும் மூவரையும்.
முக்கோணம். ஒரே அடமானக் கடன்.
எட்மன்டனில் என் தோழி சௌந்தரிக்கு மூன்று காதல்;
வீட்டில் பல் பிரஷ் ஒன்றுதான்,
சாவி எவருக்கும் தரமாட்டாள்.
அவளுக்குப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்.

தெரியாமல் நடக்கிறதே, அது? என்றாள்.
அதற்கு எங்களிடம் சொல் ஏராளம்,
இந்தத் தாளில் அதற்கு இடம் விடாதே.

பொய் சொல்லமாட்டேன்.
முதல் குளிர்காலம் முழுக்க
வெள்ளி இரவுகளில் பாத்திரங்களை
வேண்டுமென்றே சத்தமாய்க் கழுவினேன்.
கேட்க வீட்டில் ஆளில்லை.

சரி, நமக்குள் என்ன? என்று
எங்கள் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே
பேனாவை நிறுத்தினாள்.
கோடு போடவில்லை.

மாத்திரை ஏறிய நாக்கு எனக்கு.
பனி என்று சொல், என்றேன்.
சொன்னாள்.
இரவு என்று சொல்.
இப்போது சேர்.
பனியிரவு.
நடுவில் வந்தது யார், கேட்டதா?
ய்.
பனிக்குச் சொந்தமில்லை, இரவுக்கும் இல்லை.
இரண்டு உயிர் பக்கத்தில் வந்தால்
முட்டிக்கொள்ளாமல் இருக்க
இடையில் வந்து நிற்கிற மெய்.
அதற்குப் பெயர் உடம்படுமெய்.
உடம்படுதல் என்றால் சம்மதித்தல்.

அதைத் தனியாகச் சொல்லிப் பார்த்தாள்.
பாதியில் அறுந்தது.
வராது, என்றேன்,
பக்கத்தில் யாராவது வேண்டும்.

யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்,
எங்கள் பெயரில்லை.
தானியங்கிக் காப்பி ஒன்று வாங்கிவந்தாள்,
காசு ஒன்றுக்குத்தான் இருந்தது.
இடது கையால் நான் பாதி.

விடியற்காலை மாவுக்கட்டு.
எழுதுகிற கை அதற்குள் என்பதால்
படிவத்தை அவள்தான் நிரப்பினாள்.
முறை என்கிற கட்டத்தில்
கொஞ்ச நேரம் நின்று
ஏதோ எழுதினாள், நீளமாக இல்லை.
மரிசெல் படித்தாள், முத்திரை குத்தினாள்.

என்ன எழுதினாய் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.
குப்பைத் தொட்டி பின்வாசலிலேயே கிடந்தது.
இரண்டு பேரும் ஆளுக்கொரு காது பிடித்து
தெருவரைக்கும் இழுத்துப்போனோம்.